ஏழாம் படுக்கையின் மருந்துப் பட்டியல்

அந்த மருத்துவமனையில் யாரும் புதிதாகக் கடிதம் எழுதுவதில்லை. இருக்கிற கடிதத்தில் ஆளை மாற்றுவார்கள்.

நோயாளி வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் கொடுத்தனுப்பும் கடிதம் அது. என்ன நோய், எத்தனை நாள் படுத்திருந்தார், என்ன வைத்தியம் நடந்தது, இனி எந்த மாத்திரையை எந்த வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு பக்கம் இருக்கும். நெஞ்சுச்சளிக்காரர் ஒருவர் கிளம்புகிறார் என்றால், போன வாரம் கிளம்பிய இன்னொரு நெஞ்சுச்சளிக்காரரின் ஃபைலைத் திறக்க வேண்டியது. பெயர், வயது, படுக்கை எண், தேதி, மருந்து எல்லாவற்றையும் மாற்றி, வேறு பெயரில் சேமித்துவிட்டால் தீர்ந்தது. "லெட்டர் அக்கா, ஏழாம் நம்பருக்கு ஆளை மாத்தியாச்சா?" என்று வார்டிலிருந்து குரல் வரும். "மாத்திக்கிட்டே இருக்கேன், இன்னும் காலும் கையும்தான் பாக்கி" என்று கடிதம் தட்டச்சு செய்யும் இவள் உள்ளேயிருந்து பதில் கொடுப்பாள்.

லெட்டர் அக்காவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண், ஆளை மாற்றும்போது ஒரு வரியை விட்டுவிட்டாள். ஆறடி உயர லாரி மெக்கானிக் ஒருவர், தன் கர்ப்பப்பை நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லும் கடிதத்தோடு வீட்டுக்குப் போனார். மறுநாள் அவர் மனைவி அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து வரவேற்பு மேசையில் சத்தமாகப் படித்துக் காட்டினாள். வார்டே சிரித்தது. அன்று மதியமே அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அதனால்தான் லெட்டர் அக்கா சிவப்பு முறையைக் கண்டுபிடித்தாள். பழைய ஃபைலைத் திறந்ததும் முதல் வேலையாக முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்தைச் சிவப்பாக்கிவிடுவாள். பிறகு ஒவ்வொரு வரியாகப் படித்து, மாற்ற வேண்டியதை மாற்றி, சரிபார்த்ததைக் கறுப்பாக்குவாள். திரையில் ஒரு பொட்டுச் சிவப்புக்கூட இல்லையென்றால் ஆள் முழுசாக மாறிவிட்டார் என்று அர்த்தம். அச்சுக்குக் கொடுத்துவிடலாம். இரண்டு வருஷமாக ஒரு கடிதம்கூடத் திரும்பி வந்ததில்லை. மருத்துவமனை நிர்வாகி ஒருமுறை கூட்டத்தில் அவளை எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டினார். அவருக்கு வார்டில் வைத்திருந்த பெயர் முத்திரை. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் குத்திவிடுவார்.

அவளுடைய அறை ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகள் அடுக்கிவைத்த அறை. சோப்பு வாசனை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. வெளிச்சத்துக்கு ஒரு குழல்விளக்கு, காற்றுக்கு ஒரு மேசை விசிறி. "ஜன்னலே இல்லாத ரூம்ல உக்காந்துக்கிட்டு அஞ்சு விண்டோ திறந்து வெச்சிருக்கியேடி" என்று பெரிய சிஸ்டர் வரும்போதெல்லாம் கேலி செய்வாள். அந்த ஐந்தும் வேண்டியிருந்தது. ஒன்றில் கடிதம், ஒன்றில் டாக்டரின் குறிப்பு, ஒன்றில் சிஸ்டர்கள் தட்டச்சு செய்து வைக்கும் மருந்துப் பட்டியல், மற்ற இரண்டில் பாதியில் நிற்கும் வேறு இருவர்.

அன்று காலை இரண்டு பேர் கிளம்ப வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் படுக்கையில் ஒரு பேருந்து ஓட்டுநர், பழைய சர்க்கரை நோயாளி. ஏழாம் படுக்கையில் ஒரு பூட்டுக்காரர், நெஞ்சுச்சளி. பூட்டுக்காரருக்கு எழுபத்தாறு வயது. சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாக வேலை செய்தது. மற்றபடி ஆள் கெட்டி. படுக்கைக்குப் பக்கத்து அலமாரியின் பூட்டு இறுகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே அதைக் கழற்றி எண்ணெய் போட்டுக் கொடுத்தவர்.

ஓட்டுநரின் கடிதம் முதலில் முடிந்தது. அவருடைய மருந்துப் பட்டியலைச் சிஸ்டரின் ஃபைலிலிருந்து நகலெடுத்து, கடிதத்தில் ஒட்டினாள். ஆறு மாத்திரைகள், ஆறு வரிசை. பிறகு பூட்டுக்காரர். சிவப்பாக்கினாள், வரிவரியாகக் கறுப்பாக்கினாள், பழைய ஆளின் மருந்துப் பட்டியலை அழித்தாள். பூட்டுக்காரரின் பட்டியலிருந்த விண்டோவுக்குப் போய், அதை மேலிருந்து கீழே தேர்ந்தெடுத்து, நகலெடுக்கும் விசையை அழுத்தினாள். சரியாக அந்த நொடியில் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. அச்சு இயந்திரத்தில் காகிதம் தீர்ந்துவிட்டதாம். எழுந்து போய்க் காகிதம் வைத்தாள். பெட்டியை மூடினாள். கடிதத்துக்குத் திரும்பி, ஒட்டினாள். பட்டியல் வந்து அழகாக உட்கார்ந்தது. முழுவதும் கறுப்பு.

அவள் அழுத்திய விசை அந்தப் பெட்டியின் மேல் விழுந்து வீணாகப் போயிருந்தது. நகல் எடுபடவே இல்லை. கணினி கடைசியாகக் கிடைத்ததை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். கடைசியாகக் கிடைத்தது ஓட்டுநரின் பட்டியல். ஏற்கெனவே கறுப்பாக இருந்ததால் அது கறுப்பாகவே வந்து ஒட்டிக்கொண்டது. கறுப்பாக இருப்பதைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அவள் முறையின் வசதியே.

அச்சடித்தாள். வார்டுக்குப் போகிற போக்கில் சின்ன டாக்டர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். முத்திரை முத்திரை குத்தினார். மருந்துக் கவுண்டரில் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். பதினொன்றரை மணிக்குப் பூட்டுக்காரர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். போகும்போது சோப்பு அறைக்குள் எட்டிப் பார்த்து, "இந்தக் கதவுல பூட்டே இல்லையேம்மா, எப்படி இருக்கே நீ?" என்று கேட்டார்.

*

இரண்டேகால் மணிக்கு மூன்றாம் படுக்கைக்காரருக்கு ஆளை மாற்ற வேண்டியிருந்தது. அவருக்கும் நெஞ்சுச்சளி. காலையில் முடித்த பூட்டுக்காரரின் ஃபைலையே திறந்தாள். எல்லாவற்றையும் சிவப்பாக்கக் கை போவதற்குள் கண் கீழே இறங்கிவிட்டது.

மருந்துப் பட்டியலில் ஆறு வரிசை இருந்தது.

பூட்டுக்காரருக்கு நான்குதானே? பெரிய சிஸ்டர் நேற்றே சொன்னாளே. இரண்டாம் வரிசையைப் படித்தாள். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன். மூன்றாம் வரிசையும் சர்க்கரைக்குத்தான்.

பூட்டுக்காரருக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

அடுத்து அவள் செய்ததை ஏன் செய்தாள் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். யோசித்துச் செய்திருந்தால் அல்லவா பதில் இருக்கும். இரண்டு வருஷமாகத் தப்பைக் கண்டால் திருத்தியே பழகிய விரல்கள் தாமாக ஓடின. தப்பான பட்டியலை அழித்தாள். சிஸ்டரின் ஃபைலைத் திறந்து சரியான நான்கு வரிசையை நகலெடுத்து ஒட்டினாள். சேமித்தாள். மூடினாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஒரு மூச்சு விடும் நேரம் நிம்மதியாக இருந்தது. தப்பு போய்விட்டது. எங்கும் இல்லை.

பிறகுதான் காகிதம் நினைவுக்கு வந்தது.

திரையில் இருப்பதைத்தான் அவள் திருத்தியிருந்தாள். நகரத்தின் ஏதோ ஒரு வீட்டில், கையெழுத்தோடும் முத்திரையோடும் இருந்த கடிதத்தில் ஓட்டுநரின் ஆறு மாத்திரைகளும் அப்படியே இருந்தன. ஃபைலை மறுபடி திறந்து, செய்ததை ரத்துசெய்யும் பட்டனைத் தேடினாள். அது மங்கி, சாம்பல் நிறத்தில் கிடந்தது. மூடிவிட்டுத் திறந்த ஃபைலுக்கு முன்கதை கிடையாது.

சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பூட்டுக்காரரின் மகளுடைய எண்ணை எடுத்து அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். பதினொரு முறை அழைத்தாள். மருந்துக் கவுண்டருக்கு ஓடினாள். இரண்டிலிருந்து நான்கு வரை மூடியிருக்கும் என்ற அட்டை தொங்கியது.

சின்ன டாக்டர் அவசரப் பிரிவில், விபத்தில் அடிபட்ட ஒருவருக்குத் தையல் போட்டுவிட்டு அப்போதுதான் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முத்திரை ஏதோ படிவத்தோடு நின்றார்.

"டாக்டர், ஏழாம் நம்பர்... காலையில போனாரே, பூட்டுக்காரர். அவர் லெட்டர்ல மருந்து தப்பா போயிருக்கும்னு..."

"போயிருக்குமா, போயிருக்கா?"

"சர்க்கரை மாத்திரை."

டாக்டர் ஈரக் கையோடு மேசைக் கணினிக்குப் போய் ஃபைலைத் திறந்தார். முத்திரை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நாலு மருந்துதானே இருக்கு. சளிக்கு ரெண்டு, பிரஷருக்கு ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணு. சரியாத்தானே இருக்கு?"

அந்த இடத்தில் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். முத்திரையின் மூக்குக்கண்ணாடியில் குழல்விளக்கு இரண்டு கோடுகளாக மின்னியது. அவளை வேலைக்குச் சேர்த்த அன்று லாரி மெக்கானிக்கின் கடிதத்தை ஆட்டி ஆட்டிப் பேசியபோதும் அவர் இதே கண்ணாடியைத்தான் போட்டிருந்தார்.

"பேப்பர்ல... பேப்பர்ல வேற மாதிரி இருந்த ஞாபகம்."

"ஃபைல்ல இருக்கிறதுதானேம்மா பேப்பர்ல வரும்?" என்றார் முத்திரை. "நீ ஒரே நாள்ல எத்தனை லெட்டர் பாக்கறே, அதுல ஒண்ணு மனசுல கலந்திருக்கும்."

"அக்கா, ஒரு டீ குடிச்சிட்டு உக்காருங்க. முகமே சரியில்ல." டாக்டர் அடுத்த நோயாளியின் திரைச்சீலைக்குள் நுழைந்துவிட்டார்.

அவள் முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தாள்.

*

பேருந்து மெதுவாகப் போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல நிதானமாக ஏறினார்கள். வழியெல்லாம் அவள் அழைத்துக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டுக்கு முன் என்றால் எந்தச் சாப்பாடு? காலை வேளைக்கு அவர் மருத்துவமனையில் இருந்தார். அப்படியானால் இரவு வேளைக்குத்தான் முதல் மாத்திரை. ஏழு மணிக்குச் சாப்பிடுவார். இப்போது மணி மூன்று. நேரம் இருக்கிறது. இந்தக் கணக்கை அவள் திரும்பத் திரும்பப் போட்டாள். ஒவ்வொரு முறையும் விடை சரியாகவே வந்தது. ஆனாலும் மனசு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பூட்டுக்கடையின் பக்கத்தில் குறுகலான மரப்படி. படியேறி மாடிக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த மகள் முதல் வேலையாக உதட்டில் விரல் வைத்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் ஈரத் துண்டு.

"மெதுவா. அப்பா தூங்கறார். அஞ்சு நாளா கண்ணை மூடாத மனுஷன். நீங்க ஆஸ்பத்திரியிலதானே..."

"மாத்திரை குடுத்தாச்சா?"

"ம்?"

"சர்க்கரை மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னாடின்னு போட்டிருக்கே, அது."

"வந்ததுமே குடுத்தேன். காலை வேளை தவறிப் போச்சேன்னு. ரெண்டும் குடுத்தேன்." மகளின் புருவம் சுருங்கியது. "ஏன்?"

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டேகால் இருக்கும். அப்புறம் பசிக்கலைன்னு சாப்பிடாம படுத்துட்டார். போனைச் சத்தமில்லாம வெச்சுட்டேன், அவர் முழிச்சிடக் கூடாதுன்னு. நல்லா வேர்த்திருக்கு. காய்ச்சல் விட்டுப் போகுதுன்னு துடைச்சு விட்டுட்டிருக்கேன்."

லெட்டர் அக்கா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பூட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலையணை நனைந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையைத் தொட்டால் மழையில் கிடந்த இரும்பு மாதிரி சில்லிட்டிருந்தது. அவர் விரல்கள் தாமாக நடுங்கின.

அவள் சிஸ்டர் இல்லை. ஊசி போடத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சர்க்கரைக் கடிதத்தின் கடைசியிலும் வரும் பத்தி ஒன்று உண்டு. அதை அவள் முந்நூறு தடவையாவது ஒட்டியிருப்பாள். வியர்வை, நடுக்கம், உளறல், மயக்கம் தோன்றினால் உடனே சர்க்கரை கொடுக்கவும். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவரவும். அந்தப் பத்தி ஓட்டுநரின் கடிதத்தில் இருந்தது. பூட்டுக்காரரின் கடிதத்தில் இல்லை. மாத்திரை மட்டும்தான் இடம் மாறி வந்திருந்தது. எச்சரிக்கை வரவில்லை.

"சர்க்கரை. தண்ணியில கரைச்சு, நிறையப் போட்டு. ஓடுங்க!"

"என்ன ஆச்சு அப்பாவுக்கு?"

"சொல்றேன், முதல்ல சர்க்கரை!"

இருவரும் சேர்ந்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். தலை தொங்கியது. "ஐயா! ஐயா, கண்ணைத் திறங்க!" கன்னத்தில் தட்டினாள். கண் பாதி திறந்தது. யாரையும் பார்க்கவில்லை.

"மூணாம் நம்பர் அரத்தை எடு," என்றார். "சாவிப் பல்லு தேயலை."

"எடுக்கறேன், ஐயா. முதல்ல இதை முழுங்குங்க. முழுங்குங்க, எடுக்கறேன்."

ஒரு கரண்டி. தாடையில் வழிந்தது. இன்னொரு கரண்டி. தொண்டை ஏறி இறங்குவதை அவள் விரல் வைத்துப் பார்த்தாள். விழுங்கினார். இன்னொன்று. மகள் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அவரை அணைத்துப் பிடித்திருந்தாள். இருவருக்கும் நடுவே அவர் பெரிய குழந்தையைப் போலச் சாய்ந்தார்.

ஏழெட்டுக் கரண்டி உள்ளே போனதும் மருத்துவமனையை அழைத்தாள். வரவேற்பில் இருந்தவளிடம் கத்தி, சின்ன டாக்டரைக் கூப்பிட வைத்தாள். அவர் வருவதற்குள் ஒரு யுகம் போனது.

"அக்கா, மறுபடியும் அந்த விஷயமா? ஃபைலை நான்தான் பாத்தேனே..."

"ஃபைல் சரியாத்தான் இருக்கு, டாக்டர். ஏன்னா நான் மாத்திட்டேன். ரெண்டேகாலுக்கு. பேப்பர் வீட்டுக்குப் போனப்புறம். பன்னெண்டாம் நம்பரோட மருந்தை இவருக்கு ஒட்டினது நான். அதை அழிச்சதும் நான். உங்ககிட்ட வந்து நின்னப்ப சொல்லாம இருந்ததும் நான்தான். பன்னெண்டேகாலுக்கு ரெண்டு சர்க்கரை மாத்திரையும் உள்ள போயிருக்கு. சாப்பிடலை. இப்ப உளர்றார். வண்டி அனுப்புங்க."

மறுமுனையில் டாக்டரின் குரலே மாறியிருந்தது. "வண்டி கிளம்புது. முழுங்கற வரைக்கும் குடுத்துக்கிட்டே இருங்க. முழுங்கலைன்னா நிறுத்திடுங்க."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். மகள் அப்பாவின் தோளுக்கு மேலாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நர்ஸ் இல்லையா?"

"இல்லை. லெட்டர் டைப் பண்றவ."

மகள் கத்துவாள் என்று நினைத்தாள். கத்தவில்லை. அப்பாவைச் சுவரோடு சாய்த்துவிட்டு எழுந்து போய், அலமாரி மேலிருந்த கடிதத்தை எடுத்தாள். நான்காக மடித்தாள். ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"நான் கேட்டேன்," என்றாள். "மருந்து வாங்கற இடத்துல. 'எங்கப்பாவுக்குச் சர்க்கரை கிடையாதேங்க'ன்னு கேட்டேன். 'லெட்டர்லயே இருக்கும்மா, டாக்டரைவிட உனக்குத் தெரியுமா?'ன்னு சொன்னார். எனக்கு என்ன தெரியும்னு பேசாம வந்துட்டேன்." அவள் உதடு கோணியது. "கரண்டியை எடுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

*

வண்டியில் ஏற்றியபோது அவர் மகளை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பாதி வழியில் மறுபடியும் தலை தொங்கிவிட்டது. அவசரப் பிரிவில் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு. "நார்மலா எழுபதுக்குக் கீழ போகக் கூடாது" என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி, நான்காவது இடத்தில் சர்க்கரை நீரை ஏற்றினார்கள். கால் மணியில் நூற்றுப் பத்து. மகள் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த அரைமணியில் ஐம்பத்திரண்டு.

"ஏத்தறீங்களே, ஏன் இறங்குது?"

"மாத்திரை இன்னும் உடம்புல இருக்கும்மா," என்றார் சின்ன டாக்டர். "கிட்னி மெதுவா வேலை செய்யறதால சீக்கிரம் வெளிய போகாது. நாம ஏத்துவோம், அது இறக்கும். யார் முதல்ல களைச்சுப் போறாங்கன்னு பாக்கணும்." அவர் லெட்டர் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கடிதத்தில் இருந்த கையெழுத்து அவருடையது.

சுவரோரம் நின்றிருந்த அவளை முத்திரை கண்ணால் அழைத்து நடைக்கு வரச் சொன்னார். அங்கே குரலைத் தணித்துக்கொண்டார்.

"போன்ல சொன்னதை இனிமே யார்கிட்டயும் சொல்லாதே. சின்னவர் சின்னப் பையன், அவரை நான் பாத்துக்கறேன். நம்ம ஃபைல்ல நாலு மருந்துதான் இருக்கு. கவுண்டர்ல மாத்திக் குடுத்துட்டான்னு முடிச்சிடலாம்."

"கவுண்டர் அண்ணன் என்ன சார் பண்ணார்? லெட்டர்ல இருந்ததைத்தானே குடுத்தார்?"

"லெட்டர்ல என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அந்தப் பேப்பர் அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு. நான் கேட்டேன், முறைக்கறா. நீ பக்கத்துலயே இருக்கே, கூட ஓடியாடறே. ஃபோட்டோ காப்பி எடுக்கணும்னு சொல்லி வாங்கிட்டு வா. வேலை போகாது, நான் பொறுப்பு." அவர் பெருமூச்சு விட்டார். "எனக்கு மட்டும் ஆசையா இதெல்லாம்? நூறு பேர் பிழைக்கிற இடம்மா இது."

அவள் அவருடைய சட்டைப்பையில் செருகியிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு சுலபம். அந்த ஒரு காகிதமும் போய்விட்டால் இந்த நாள் உலகத்தில் எங்குமே இருக்காது. ஓட்டுநரின் ஆறு வரிசை, அவளுடைய பத்து விரல், அந்தச் சின்னப் பெட்டி எல்லாம் மறைந்துவிடும். மதியம் ஒரு மூச்சு நேரம் அவள் அனுபவித்த நிம்மதி, இந்த முறை ஆயுசுக்கும் கிடைக்கும்.

தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று முத்திரைக்குப் புரிந்திருக்காது. அவர் திருப்தியோடு போனார்.

உள்ளே போய் மகளின் பக்கத்தில் குந்தினாள்.

"அந்தப் பேப்பரை யார் கேட்டாலும் குடுக்காதீங்க," என்றாள். "காப்பி எடுக்கணும்பாங்க, சரிபாக்கணும்பாங்க. யார் கேட்டாலும். நான் வந்து கேட்டாலும்."

மகள் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"நீங்க கேப்பீங்களா?"

"இப்ப கேக்க மாட்டேன். நாளைக்கு என்ன தோணும்னு தெரியாது. வேலை போயிடும், வீட்ல ஆளாளுக்குப் பேசுவாங்க. அப்ப வந்து கேட்டாலும் கேப்பேன். குடுக்காதீங்க."

"எங்கப்பா செத்துட்டா?"

குழாயில் சொட்டுச்சொட்டாக இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு நாற்பத்தேழு. பெரிய சிஸ்டர் கெட்டியான மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றி மெதுவாகச் செலுத்தினாள். அவளும் லெட்டர் அக்காவைப் பார்க்கவில்லை. போகும்போது மட்டும், யாருக்கென்று சொல்லாமல், ஒரு குவளைத் தண்ணீரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். ஐந்தரைக்கு அறுபத்தாறு. ஆறு மணிக்கு எழுபத்தொன்பது. மகள் ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள், அடுத்தது வரும்வரை.

ஆறரைக்குத் தொண்ணூற்று மூன்று. விரலில் குத்தியதும் பூட்டுக்காரர் கையை இழுத்துக்கொண்டார்.

"எவன்டா அவன், துளை போட்டுட்டே இருக்கான்?"

மகள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "அப்பா! அப்பா, நான் யார்னு தெரியுதா?"

"நீ யார்னு தெரியாமலா பேர் வெச்சேன்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனியே, மறுபடியும் ஏன் இங்க கொண்டாந்து போட்டே?" கண்ணைச் சுருக்கிச் சுவரோரம் பார்த்தார். "அது யாரு, மூலையில நின்னு அழறது? பக்கத்துக் கட்டில்ல யாராவது போயிட்டாங்களா?"

மகள் திரும்பிப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க," என்றாள்.

அவள் கட்டில் அருகே வந்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுநரிலிருந்து ஆரம்பித்தாள். அச்சு இயந்திரத்தில் காகிதம் தீர்ந்தது, ஒட்டியது, பார்க்காமல் விட்டது, அழித்தது, டாக்டர் முன்னால் வாய் திறக்காமல் நின்றது எல்லாவற்றையும் சொன்னாள். விண்டோவும் ஃபைலும் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் இடையில் எதுவும் கேட்கவில்லை. பூட்டைக் காதோரம் வைத்து உள்ளே எது இடறுகிறது என்று கேட்கிறவர் மாதிரி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று மகள் பதறிக் குனிந்தபோது வாயைத் திறந்தார்.

"ஆக, என்னைக் கொல்லப் பாத்திருக்கே."

"ஆமா, ஐயா."

"ம்." நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "போ. போய் முகத்தைக் கழுவு. பாக்கச் சகிக்கலை."

அவள் கதவை நோக்கித் திரும்பினாள். இனி இங்கே நிற்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? அப்படியே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. அதில் இரக்கம் துளியும் இல்லை.

"கழுவிட்டு வந்துடணும். மறுபடியும் இறங்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அரைமணிக்கு ஒரு தடவை குத்தறாங்களா இல்லையான்னு யாராவது நேரம் பாக்கணும். எனக்குக் கண்ணு சொருகுது."

குளியலறைக் குழாயில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. முகத்தைக் கழுவி, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, அவள் வேகமாக நடந்தாள். நடையின் கடைசியில் முத்திரை அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார்.

"குடுக்க மாட்டாங்க, சார்," என்றாள் நிற்காமலே. "நான் சொல்லிட்டேன், குடுக்க வேண்டாம்னு."

சுவர்க் கடிகாரத்தில் ஏழுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அவள் கட்டிலருகே போய் நின்று, முள்ளைப் பார்க்கத் தொடங்கினாள்.